கல்யாணப் படக்காரரின் தர்மம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், செங்கற்பட்டில் எங்கள் வீட்டுக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் என் தமக்கையின் மகள். ஆகவே எனக்குத் தாய்மாமன் என்ற உத்தியோகம் கிடைத்தது. இந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் இல்லை. செலவு மட்டும் உண்டு. ஆனாலும் மேடைக்கு அருகில் நிற்கும் உரிமை ஒன்று இருக்கிறதல்லவா? அந்த உரிமையினால் நான் கண்ட காட்சிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

என் தாயாருக்கு அப்போது வயது 83. ஒரு கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது, காதும் மந்தம். முதல் பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவளுக்கு இரண்டு வருஷமாக இருந்த ஒரே ஆசை. அதற்காகவே முன் வரிசையில், மணவறைக்கு நேர் எதிரே, நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். கை நிறைய அட்சதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடியற்காலை முதல் காத்திருந்தாள்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார் புரோகிதர். நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. அந்தக் கணத்தில் மேடைக்கு முன்னால் திடீரென்று ஒரு சுவர் எழும்பியது. போட்டோ எடுப்பவர் இருவர், வீடியோ எடுப்பவர் இருவர், விளக்குப் பிடிப்பவர் ஒருவர், ஆக ஐந்து முதுகுகள் சேர்ந்த சுவர் அது. என் தாயார் வீசிய அட்சதை மணமக்கள் மீது விழவில்லை. ஒரு கறுப்புச் சட்டையின் முதுகில் பட்டுத் தரையில் உதிர்ந்தது. மேளம் ஓய்ந்தது. அவள் என் கையைத் தொட்டு, "தாலி கட்டியாச்சாடா?" என்று கேட்டாள்.

"ஆச்சு, அம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அத்துடன் நிற்கவில்லை. படக்காரர்களில் தலைவராக இருந்தவர் தம் காமிராவின் சிறு திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு மாப்பிள்ளையிடம், "ஸார், கை சரியாக விழவில்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் அப்படியே குனியுங்கள்" என்றார். மாப்பிள்ளை சாது, குனிந்தார். புரோகிதர் கண்களை மூடிக்கொண்டார். அது தியானமா, கோபமா என்று எனக்குத் தெரியாது.

அன்று எனக்கு வந்த கோபத்தில், கல்யாணப் படக்காரர் குலத்தையே கண்டித்து ஒரு கட்டுரை எழுதுவதென்று தீர்மானித்தேன். நல்ல வேளையாக எழுதவில்லை. எழுதியிருந்தால் பாதி உண்மையைத்தான் எழுதியிருப்பேன். மற்றப் பாதி எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

சுருளுக்குப் பன்னிரண்டு

முதலில் ஒரு சிறு சரித்திரம். பாரிஸில் டாகெர் என்பவரின் படமெடுக்கும் முறை உலகத்துக்கு வெளியானது 1839-ல். அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே அந்தக் கலை சென்னை ராஜதானியில் வேரூன்றிவிட்டது. 1850-ல் சென்னையில் கலைப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் அங்கே போட்டோக் கலையையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1856-ல் லின்னேயஸ் ட்ரைப் என்னும் ராணுவ அதிகாரி ராஜதானியின் போட்டோகிராபராக நியமனம் பெற்று, 1858-ல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் பிடித்தார். அந்தக் காலத்துக் காமிராவுக்குக் கோயிலே தகுந்த பாத்திரம். ஏனென்றால் கோயில் அசையாது. மனிதர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

ஆகவே நம் பாட்டிமார்களின் காலத்தில் 'கல்யாணப் படம்' என்றால் அநேகமாக ஒரே ஒரு படந்தான். கல்யாணம் முடிந்த பின், ஸ்டூடியோவிலோ வீட்டு முற்றத்திலோ, மாப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்திருக்கப் பெண் பக்கத்தில் நிற்பாள். இருவர் முகத்திலும் சிரிப்பு இராது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று பயந்தவர்கள் அந்த ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சுருள் பிலிம் வந்தது. சதுரப் படம் எடுக்கும் பெரிய சுருளில் 12 படங்கள்; முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளில் 36. ஒவ்வொன்றுக்கும் காசு. ஃபிளாஷ் பல்பு ஒரு தடவை எரிந்தால் தீர்ந்தது. பின்னால் வந்த மின்சார ஃபிளாஷும் மறுபடி சக்தி பெறச் சில விநாடிகள் பிடிக்கும். இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு நடுவில் வேலை செய்த படக்காரர் என்ன செய்தார்? காத்திருந்தார். புரோகிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். சமயம் வந்ததும் ஓரடி முன்னால் வந்து, ஒரு படம் எடுத்து, மறுபடி ஒதுங்கினார். அவருடைய அடக்கத்தில் பாதி அவருடைய குணம். மற்றப் பாதி பிலிமின் விலை.

இன்றைய காமிராவுக்குச் சுருள் இல்லை. விரல் நகத்தளவு அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். எடுப்பதற்குத் தனிச் செலவு கிடையாது. விநாடிக்குப் பத்துப் படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். யந்திரம் விதித்திருந்த கட்டுப்பாடு யந்திரத்தாலேயே நீங்கிவிட்டது. இனி அந்தக் கட்டுப்பாட்டை மனிதர் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் படக்காரரின் தர்மம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மேடையின் மேல்

இந்த விஷயத்தில் எனக்குக் குருவாக வாய்த்தவர் என் பழைய மாணவர் ஒருவர். பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கணக்கு வரவில்லை. நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் படம் வரைந்துகொண்டிருப்பார். அதற்காக நான் அவரைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்ததும் உண்டு. இன்று செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரத்தில் கல்யாணப் படம் எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். மாமல்லபுரத்தில் என் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அவர் வேலை செய்வதை முழுவதும் பார்த்தேன்.

பார்த்தேன் என்று சொல்லுவதுகூடத் தவறு. அவர் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. கெட்டிமேளம் கொட்டிய சமயத்தில் அவர் மணவறையின் பக்கவாட்டில், புரோகிதருக்குச் சற்றுப் பின்னால், முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய உதவியாளர் சபையின் ஓரத்தில் நின்று, தூரத்துக் காட்சியை அருகில் இழுக்கும் நீண்ட லென்ஸினால் எடுத்துக்கொண்டிருந்தார். சபையில் இருந்த முந்நூறு பேருக்கும் தாலி கட்டுவது தெரிந்தது.

மத்தியானம் அவரைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் யார் கற்றுக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான், ஸார். பெஞ்சின் மேல் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை தெரியாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்" என்றார்.

அவர் சொன்ன முறைகளை வாசகர்களுக்குச் சுருக்கிச் சொல்லுகிறேன். முதல் நாளே புரோகிதரைப் பார்த்து, எந்தச் சடங்குக்குப் பின் எது வரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குலத்துக்குக் குலம், ஊருக்கு ஊர் வரிசை மாறும். தெரியாமல் போகிறவர்தான் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து மறைப்பார். முன்வரிசையில் யார் யார் வயதானவர்கள் என்று பார்த்துவைத்துக்கொண்டு, அவர்களுடைய பார்வைக்குக் குறுக்கே போகாமலிருக்க வேண்டும். மேடை மேல் ஒரு சமயத்தில் ஒரே ஒருவர். சத்தமின்றி எடுக்கும் வசதி இப்போது பல காமிராக்களில் இருக்கிறது. மந்திரம் சொல்லும்போது அதை உபயோகிக்க வேண்டும். காலில் செருப்புக் கூடாது. ஒரு கணம் தவறிப் போனால் போனதுதான். நடந்த சடங்கை மறுபடி நடிக்கச் சொல்லக் கூடாது.

"அது உனக்கு நஷ்டமில்லையா?" என்றேன்.

"நஷ்டந்தான், ஸார். ஆனால் அவர்களுக்கு அது கல்யாணம், எனக்குத்தான் படம்" என்றார்.

இன்னொரு விஷயம் மணப்பெண்ணின் அலங்கார அறை. அங்கே கதவைத் தட்டாமல் நுழையும் உரிமை எந்தக் காமிராவுக்கும் இல்லை. பெண் படக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். பெண்ணின் தலையையும் தோளையும் திருப்பிவிட வேண்டுமானால், வாயால் சொல்ல வேண்டும். கையால் திருப்பக் கூடாது.

மண்டபத்துக்குள் ட்ரோன் பறக்கவிடும் நாகரிகமும் வந்திருக்கிறது. அதன் விசிறிக் காற்றில் ஹோமப் புகையும் சாம்பலும் எல்லோர் கண்ணிலும் விழுகின்றன. குழந்தைகளின் தலைக்கு மேலே சுழலும் கத்திகள் அவை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

கடற்கரையில்

அன்று மாலை நாங்கள் கடற்கரைப் பக்கம் நடந்தோம். கல்யாணத்துக்கு முன்பே மணமக்களை அழைத்துச் சென்று விதவிதமாகப் படம் எடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதற்கு மாமல்லபுரக் கரையைப் போல் வாய்ப்பான இடம் வேறு ஏது? கற்கோயில், கடல், பாறை, சவுக்குத் தோப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. செங்கற்பட்டிலிருந்து 30 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம். கடற்கோயில் கிழக்கே பார்த்தது. காலை வெயில் அதன் மேல் விழும் அழகுக்காகவே படக்காரர்கள் இருட்டோடு புறப்பட்டு வருகிறார்கள்.

அழகை அனுபவிப்பதில் தவறில்லை. ஆனால் அது ஸ்டூடியோவில் தொங்கும் திரையல்ல. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கோயில். உப்புக் காற்றோடு 1,300 ஆண்டுகளாகப் போராடிவரும் கல். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இவ்வூரின் சின்னங்கள் சேர்ந்தன. இவற்றைக் காக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் விதிப்படி, கையில் பிடித்த காமிராவினால் படம் எடுத்துக்கொள்ளலாம். முக்காலி வைப்பதற்கும் தொழில்முறையில் திரைப்படம் எடுப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். சிற்பத்தின் தோளில் சாய்ந்து நிற்கவோ, யானையின் துதிக்கையில் காலை வைக்கவோ எந்த அனுமதியும் இடந்தராது. அது தேசத்தின் சொத்து. அதாவது நம் பேரப் பிள்ளைகளின் சொத்து.

ட்ரோனுக்கும் சட்டம் உண்டு. 2021-ஆம் ஆண்டு விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கும் கரை இது. விதியை விசாரிக்காமல் பறக்கவிடுவது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம்.

எல்லாவற்றையும்விடக் கடல்தான் முக்கியம். "அலை வரும்போது திரும்பிப் பார்த்துச் சிரியுங்கள்" என்று பட்டுப்புடைவை கட்டிய பெண்ணை வழுக்குப் பாறையில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கரையில் அலைக்கு வேகமும் இழுப்பும் அதிகம். நனைந்த பட்டு காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவர்களும் தப்புவது கடினம். என் மாணவர், கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வரும் இடத்தில் யாரையும் நிறுத்துவதில்லை; மணமக்களே ஆசைப்பட்டுக் கேட்டாலும் மாட்டேன் என்கிறார். காமிராவின் கண்ணாடிக்குள் பார்ப்பவனுக்குப் பின்னால் வரும் அலை சிறியதாகத்தான் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம்.

அதே சாலையில் வடக்கே, கோவளத்தை அடுத்துத் திருவிடந்தை இருக்கிறது. காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருத்தியாக வராகப் பெருமாள் மணந்தார் என்பது அந்தத் தலத்தின் ஐதிகம். அதனால் அவருக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று பெயர். கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே மாலை சாத்தி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது முறை வலம் வருகிறார்கள். கல்யாணம் ஆனதும் அந்தப் பழைய மாலையுடன் தம்பதியாக வந்து வணங்குகிறார்கள். கவலை நிறைந்த முகத்துடன் தனியாகச் சுற்றி வரும் ஒரு பெண்ணை, 'இயற்கையான காட்சி' என்று தூரத்திலிருந்து படம் பிடிப்பவர் தொழில்காரரும் அல்லர், பக்தரும் அல்லர். கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை விதிக்கும்படி 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

படம் யாருடையது?

கல்யாணம் முடிந்த பிறகுதான் படக்காரரின் நாணயம் பரீட்சைக்கு வருகிறது. நம் வீட்டுப் பெண்டிர், குழந்தைகள், விருந்தினர் அத்தனை பேருடைய முகமும் அவர் பெட்டிக்குள் இருக்கின்றன. அழுத தாய், சாப்பிடும்போது வாயைத் திறந்த மாமா, யாருக்கும் சொல்லாமல் வந்துபோன உறவினர் எல்லோரும் அதில் உண்டு.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. கூலி கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரையே சேரும். ஆனால் 'வேறுவிதமான ஒப்பந்தம்' என்ற நான்கு வரிகள் பல படக்காரர்களின் ரசீதுகளில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிக்க வேண்டும். நல்ல படக்காரர் தம் விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராம் முதலியவற்றில் ஒரு படம் போடுவதானாலும் மணமக்களின் சம்மதத்தை எழுத்தில் கேட்பார். பிற்பாடு எடுத்துவிடச் சொன்னால், ஏன் என்று கேளாமல் எடுத்துவிடுவார். எல்லாக் கல்யாணங்களும் இன்பமாகவே தொடர்வதில்லை அல்லவா?

படங்களைத் தொலைக்காமல் காப்பதும் தர்மத்தில் சேர்ந்ததே. தாலி கட்டும் படம் மறுபடி எடுக்க முடியாத படம். ஆகவே ஒரே சமயத்தில் இரண்டு அட்டைகளில் பதியும் காமிராவை உபயோகிப்பதும், அன்று இரவே வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதிகள் செய்துவைப்பதும் என் மாணவர் தவறாமல் செய்யும் காரியங்கள்.

கடைசியாக, நிறம். ஆல்பத்தில் மணப்பெண்ணைச் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுக்கச் செய்யும் வழக்கம் ஒன்று உண்டு. மாநிறமான தங்கள் பெண்ணைக் கண்டு பெற்றோர்கள் வெட்கப்படுகிறார்கள் என்று படக்காரர் தாமாகவே முடிவு செய்துவிடுகிறார். சில வீட்டார் கேட்கவும் செய்கிறார்கள் என்பது வருந்தத்தக்க உண்மை. பேத்திகள் பிற்காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்து, "இது யார்?" என்று கேட்பார்கள்.

வீட்டாரின் கடமை

இனி மற்றப் பாதி உண்மைக்கு வருகிறேன். "நீ இன்று எப்போது சாப்பிட்டாய்?" என்று என் மாணவரைக் கேட்டபோது மணி நான்கு. "இப்போதுதான் சாப்பிடப் போக வேண்டும், ஸார்" என்றார். அதிகாலை மூன்று மணிக்கு வந்தவர் அவர். பந்தியில் உட்காரும்போதெல்லாம் யாராவது ஒரு சித்தப்பா வந்து, "குடும்பத்தோடு ஒரு படம்" என்று கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறார்களாம். "பசியோடு எடுத்தால் எல்லோர் முகமும் எனக்கு இட்லியாகத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அவருக்கு வருமானமும் இல்லை. கடனுக்கு வாங்கிய காமிராவுக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் தவணை கட்ட வேண்டும். முகூர்த்த மாதங்களில் சம்பாதித்ததைக் கொண்டு வருஷத்தை ஓட்ட வேண்டும். அப்படியிருக்க, பாக்கித் தொகையை ஆறு மாதம் இழுத்தடிக்கிறவர்கள் உண்டு. முந்நூறு விருந்தினரில் நூறு பேர் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு மேடையை மறைத்துவிட்டு, பிறகு படம் சரியில்லை என்று படக்காரரைக் கோபிப்பதும் உண்டு. அன்று என் தாயாருக்கு முன் எழுந்த சுவரில் ஐந்து முதுகுகள் படக்காரர்களுடையவை. அவற்றுக்கு இரு பக்கத்திலும் கைப்பேசியுடன் நின்ற முதுகுகள் எங்கள் உறவினருடையவை. அவற்றை எண்ண எனக்கு அன்று தோன்றவில்லை.

ஆகவே வீட்டாரும் சில காரியங்களைச் செய்யலாம். யார் யார் எந்தப் படத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுக்கலாம். எத்தனை படம், ஆல்பம் எந்தத் தேதியில், பணம் எத்தனை தவணையில் என்பதை எழுதிக்கொள்ளலாம். முகூர்த்தத்தின்போது முன்வரிசைப் பார்வையை மறைக்கக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்க்கலாம். படக்காரருக்கும் உதவியாளருக்கும் இரண்டாம் பந்தியிலாவது இலை போட்டுவிடலாம். பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுக்கலாம். மரியாதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வளர்வதில்லை.

எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் மூன்று மாதம் கழித்து வந்தது. கோபம் தீராமலே புரட்டினேன். மறுபடி குனியச் சொல்லி எடுத்த அந்தப் படம் நடுப் பக்கத்தில் பெரிதாக இருந்தது. அதில் மாப்பிள்ளையின் முகத்தில் சங்கடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில், சிறியதாக, இன்னொரு படம் இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் என் தாயார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நல்ல கண்ணின் மேல் கையை வைத்து, எதையோ பார்த்துவிட முயன்றுகொண்டிருக்கிறாள். மறு கையில் அட்சதை. விளக்குப் பிடித்த பையன், விளக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் எடுத்ததாம்.

அடுத்த வருஷம் என் தாயார் காலமானாள். தேடிப் பார்த்ததில், நாங்கள் ஆயிரம் படங்கள் எடுத்திருந்தும், அவள் அவளாகவே இருக்கும் படம் வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்தப் படந்தான் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. அவள் பார்க்க முடியாமற் போனதும் அந்தப் படக்காரர்களால்தான். அவளை நாங்கள் தினமும் பார்ப்பதும் அந்தப் படக்காரர்களால்தான். இவ்வளவு பெரிய காரியம் தங்கள் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் நினைத்துக்கொண்டால் போதும்.